கரும்பின் குலம் காத்த அறிஞர் சர் டி. எஸ். வேங்கடராமன்

நாடாண்ட வேந்தர் வரலாறும் பாவியற்றிய புலவர் வரலாறும் நாம் பலகாற் பயின்றிருக்கின்றோம். உழவனது வயலில் நின்ற பயிரொன்றின் குலத்தையே மாற்றியமைத்து, அதன் வாயிலாகப் பல்லாயிரங் குடும்பங்களின் வாழ்வை மாற்றிய அறிஞரது வரலாறோ நம் ஏடுகளில் அருகியே காணப்படுகின்றது. அத்தகைய அறிஞருள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் சர் டி. எஸ். வேங்கடராமன் ஆவர். திருவாடி சாம்பசிவ வேங்கடராமன் என்பது அவர்தம் முழுப்பெயர். கோயமுத்தூரில் இருந்துகொண்டே கரும்பையும் நாணலையும் மணம்புணர்த்தி, இந்தியாவுக்கேயன்றிப் பிறநாடுகட்கும் புதுக்கரும்பு வழங்கிய அவரது வாழ்க்கையையும், அவர்தம் கரும்புகளோடு ஓயாது பொருத நோயின் இயல்பையும் இக்கட்டுரையிற் சுருக்கமாக வரைய முற்படுகின்றோம்.

இப்பொருளில் எம் உள்ளத்தை ஈர்த்தது எமது ஊரேயாகும். பண்டைநாளில் திருமுதுகுன்றம் என்னும் பெயருடன் மணிமுத்தாற்றங்கரையில் விளங்கிய விருத்தாசலம், இந்நாளிற் பீங்கான் தொழிலாற் பெயர்பெற்றுள்ளது. அதற்கெனத் தொழிற்பேட்டையும் அத்தொழிலைப் பயிற்றும் கல்விக்கூடமும் இங்கு உள்ளன. எனினும், சூளைகளைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் நிலக்கடலையும் முந்திரியும் நெல்லும் கரும்புமே கண்ணுக்குப் புலனாகும். நிலக்கடலையிலும் முந்திரியிலும் புதுவகைகளைக் கண்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று விருத்தாசலத்திலேயே அமைந்துள்ளது. மாவட்டத் தலைநகராகிய கடலூரிற் கரும்புக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அதனையடுத்த நெல்லிக்குப்பத்தில் 1842-ஆம் ஆண்டிலேயே சர்க்கரைத் தொழில் தொடங்கிற்று. ஆகவே, கரும்பின் கதை எம் பக்கத்தாருக்குப் பிறர் கதையன்று.

கரும்பு தமிழர்க்குப் பழமையான பயிர். அதியமானின் முன்னோரே அதனை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்னும் செய்தியை ஔவையார் புறநானூற்றிற் குறித்துள்ளார். கரும்பைப் பிழியும் எந்திரமும் ஆலையும் சங்கச் செய்யுட்களில் இடம்பெற்றுள்ளன. தைத்திங்கள் முதல்நாளிற் கரும்பில்லாத் தமிழர் மனையைக் காண்டல் அரிது. இங்ஙனம் ஈராயிரம் ஆண்டு நம்மோடு வாழ்ந்த அக்கரும்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பெருந்துன்பத்துக்கு ஆளாயிற்று. அப்போது சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த கோதாவரிப் படுகையில், நீர்வளமும் நிலவளமும் குன்றாத வயல்களிற் கரும்புகள் நின்றவாறே மாளத் தொடங்கின. அதுவே செவ்வழுகல் என இன்று வழங்கும் கொடுநோய்.

அந்நோயின் இயல்பை ஈண்டு அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. அதனை விளைப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூசணம். 1893-இல் வெண்ட் என்னும் டச்சு அறிஞர் ஜாவாத் தீவில் அதனை ஆராய்ந்து, கொலெட்டோட்ரைக்கம் ஃபால்கேட்டம் எனப் பெயரிட்டனர். நோய்ப்பட்ட கரும்பின் மேலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது இலை முதலில் மஞ்சளித்துக் காயும். பின்னர்த் தோகை முழுதும் வாடும். கழியை நெடுகப் பிளந்து நோக்கின் உட்புறம் சிவந்திருக்கும். அச்சிவப்பின் இடையிடையே குறுக்காக வெண்டிட்டுக்கள் காணப்படும். புளித்த கள்ளின் மணம் வீசும். சர்க்கரையாக வேண்டிய சாறு உள்ளேயே கெட்டுவிடும். நோயுற்ற கரணையாலும், வயலிற் கிடக்கும் சருகாலும் கட்டையாலும், மழைநீராலும் பாய்ச்சும் நீராலும் அது பரவும். புறத்தே தெரியும் முன்னர் அகத்தே முற்றிவிடுவதே அதன் கொடுமையாகும்.

கோதாவரிப் படுகையில் நேர்ந்த அழிவை ஆராயும் பொறுப்பு, சென்னை அரசாங்கத்தின் தாவரநூல் வல்லுநராக 1898-இல் வந்த சார்லஸ் ஆல்பிரட் பார்பர் என்பாரிடம் விடப்பட்டது. இவர் 1860-இல் தென்னாப்பிரிக்காவிற் பிறந்தவர். நோயின் காரணம் பூசணமே என்பதை அவர் 1901-இல் அறிவித்தனர். சாமர்லகோட்டையில் ஒரு கரும்புப் பண்ணை அமைக்கப்பட்டு, நோயைத் தாங்கும் கரும்பு எதுவெனத் தேடும் பணி தொடங்கிற்று. மருந்தால் நோயைத் தீர்க்க முயல்வதினும், நோய்க்குத் தோலாத பயிரை ஆக்குதல் நன்று என்னும் கருத்து அங்கேதான் வேரூன்றிற்று.

இந்நிலையில் நம் கதைத்தலைவரைக் காண்போம். வேங்கடராமன் 1884-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் தமிழ்நாட்டிற் பிறந்தார். தாவரநூல் கற்றுத் தேர்ந்து, சென்னை மாகாணத்து வேளாண்மைத் துறையிற் பணியேற்றார். 1912-இற் கோயமுத்தூரிற் கரும்பு இனப்பெருக்கு நிலையம் நிறுவப்பட்டபோது பார்பர் அதன் தலைவராயினர். இளைஞராகிய வேங்கடராமன் அவருக்குத் துணைவராயினர். அன்று தொடங்கிய உறவு, ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் நிறைவு செய்த நல்லுறவாகும்.

கரும்புக்கு இனப்பெருக்கு நிலையம் எதற்கு என வினவலாம். கரும்பு விதையால் விளைவிக்கப்படுவதன்று. கணுவுள்ள கரணையை நட்டே வளர்க்கப்படுவது. அங்ஙனம் வளரும் கரும்புகள் யாவும் முதற்கரும்பின் மறுபகுதிகளே; ஓருடல் பல்லுடலாய் விரிந்தாற் போல்வன. தாய்க்கு உள்ள குணம் யாவும் அவற்றுக்கும் உண்டு. தாய்க்கு இல்லாத வலிமை அவற்றுள் ஒன்றற்கும் இல்லை. எனவே, நோய் ஒன்றை வென்றதாயின் எல்லாவற்றையும் வென்றதாகும். குணத்தில் வேறுபட்ட புதுக்கரும்பு பெறவேண்டின், கரும்பு பூத்து விதை ஈனல் வேண்டும். அவ்விதை முளைக்கும் என்பதே நெடுநாள் ஐயத்துக்கு இடமாயிருந்தது. 1887, 1888-ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும் அறிஞர் சிலர் அதனை ஐயமற நிறுவிய பின்னரே கரும்பினத்தைக் கலந்து திருத்தும் வழி திறந்தது. வட இந்தியக் குளிரிற் கரும்பு முளைக்கத்தக்க விதை ஈனுவதில்லை. கோயமுத்தூரின் தட்பவெப்பத்திலோ அது நன்கு பூத்து விதைக்கும். ஆதலால், பஞ்சாபுக்கும் பீகாருக்கும் வேண்டிய கரும்பு கொங்குநாட்டிற் பிறக்க வேண்டியதாயிற்று.

அக்காலத்து வட இந்தியக் கரும்புகள் நாணற்கோல்போல் மெலிந்தன, குளிரையும் வறட்சியையும் தாங்குவன, விளைவிற் குறைந்தன. தென்னாட்டிலும் தீவுகளிலும் விளைந்த பருங்கரும்புகளோ சாறு மிக்கன; குளிரிற் படுவன; நோய்க்கும் எளிதில் இரையாவன. இனிமையும் வலிமையும் ஒருங்கே அமைந்த கரும்பு யாண்டும் இல்லை. பார்பரும் வேங்கடராமனும் அவ்வலிமையைத் தேடிச் சென்ற இடம் யாது தெரியுமா? ஆற்றங்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வெண்கதிர் விரித்து நிற்கும் நாணலே அது. உழவர் களையென்று வெட்டியெறியும் அப்புல், கரும்பின் நெருங்கிய சுற்றம். அதன் தண்டிற் சாறு குறைவு, இனிமையும் குறைவு. ஆயினும், வெள்ளத்தில் மூழ்கியும் கோடையிற் காய்ந்தும் மீளத் தளிர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு. நோய்களைத் தாங்கும் தன்மையும் அதனினத்திற் பலவற்றுக்கு உண்டு.

வெள்ளை என்னும் தமிழ்ப்பெயர் கொண்ட பருங்கரும்பைத் தாயாகவும், கோயமுத்தூர்ப் பக்கத்து நாணலைத் தந்தையாகவும் கொண்டு கலப்புச் செய்தனர். அதனின்று தேர்ந்தெடுக்கப்பட்டுக் கோ 205 என்னும் எண் பெற்ற கரும்பு 1918-இல் உழவர்க்கு வழங்கப்பட்டது. பஞ்சாபில் அது நாட்டுக்கரும்பினும் மிக்க விளைவு தந்தது. காட்டுநாணலின் குருதி நேரே கலந்த கரும்பு உழவர் வயலிற் பெரும்பரப்பில் வெற்றிபெற்றது அதுவே முதன்முறை. பட்டினத்தடிகள் ஏந்திய பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்பது நாம் கேட்டறிந்த வரலாறு. அடிகளுக்கு அது வீடுபேற்றின் குறியாயிருந்தது. இவ்விருவர்க்கோ புல்லை இனிக்கச் செய்வது பல்லாண்டு உழைப்பின் பயனாயிருந்தது.

கோ என்பது கோயமுத்தூரின் முதலெழுத்து. தமிழில் அவ்வெழுத்து அரசனையும் குறிக்கும் என்பதை நினைந்து யாம் மகிழ்கின்றோம். அக்கரும்புகள் பின்னர்ப் பல நாடுகளின் வயல்களை ஆண்டன அன்றோ?

1919-இற் பார்பர் ஓய்வுபெற்றுத் தாய்நாடு மீண்டார். வட இந்திய மெலிகரும்பினத்துக்கு அவர் பெயரையே அறிஞர் சூட்டியுள்ளனர். அவருக்குப்பின் நிலையத்தை நடத்தும் பொறுப்பு வேங்கடராமனிடம் வந்தது. 1942 வரை அப்பணியில் அவர் நிலைத்திருந்தார். அக்காலத்து அவர் செய்த வேலையின் அருமை வெளிநோக்கிற்குப் புலப்படாது. கரும்பின் பூங்கதிர் ஆண்டுக்கு ஒருமுறையே தோன்றும். பூக்கள் மிகச் சிறியன. மகரந்தமோ நெடும்பொழுது உயிரோடிராது. தாயாக்க விரும்பும் கரும்பும் தந்தையாக்க விரும்பும் கரும்பும் ஒரே நாளிற் பூத்தல் அரிது. அவ்விடர்களைக் கடக்க, பூக்கும் கரும்பின் கணுவிலேயே வேர்விடச் செய்து, அதனை வெட்டியெடுத்து வேண்டிய இடத்தில் வைத்துக் கலக்கும் முறை கையாளப்பட்டது. பஞ்சுத்துகள் போன்ற விதைகளைச் சட்டிகளில் விதைத்து, நாற்றுக்களை ஆயிரக்கணக்காக வளர்த்து, பெரும்பாலனவற்றைக் கழித்து, எஞ்சிய சிலவற்றை வடநாட்டுப் பண்ணைகட்கு அனுப்பி, ஆண்டுகள் சில சோதித்த பின்னரே ஒன்றிரண்டு தேறும். மண்ணுக்குள் மறைந்த வேர்களையும் வேங்கடராமன் நுணுகி ஆராய்ந்தார். வறட்சியைத் தாங்கும் நாணலின் ஆற்றலை விளங்கிக்கொள்ள வேரையும் காணவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவ்வுழைப்பின் பயன் விரைவிற் கண்டது. கோ 213 பீகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் பரவிற்று. கோ 312 வடநாட்டில் நெடுங்காலம் நின்றது. ஜாவாவில் டச்சு அறிஞர் ஆக்கிய பெருங்கரும்பையும் கோயமுத்தூரின் கோ 290-ஐயும் கலந்து பெற்ற கோ 419 தென்னாட்டு உழவரின் செல்வமாயிற்று. 1932-இற் சர்க்கரைத் தொழிற் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது இந்தியாவில் இருந்த ஆலைகள் ஏறத்தாழ 30. ஐந்தாண்டுகளில் அவை 130-க்கு மேற்பட்டன. ஜாவாச் சர்க்கரையை எதிர்நோக்கியிருந்த நாடு தன் சர்க்கரையைத் தானே ஆக்கிக்கொண்டது. சட்டம் ஆலைக்கு வேலி கட்டிற்று. ஆலையின் வாய்க்குக் கரும்பு அளித்தவை கோயமுத்தூரின் வகைகளே.

கடல் கடந்தும் அவை சென்றன. அமெரிக்காவின் லூயிசியானா நாட்டிற் கரும்புத்தொழில் 1920-களிற் பெரிதும் சிதைந்தது. இலைகளில் வெளிர்திட்டுக்களை உண்டாக்கி, அசுவினிப் பூச்சியாற் பரவும் தேமல் நோயே அச்சிதைவின் முதற்காரணங்களுள் ஒன்று. ஆங்கே தொழிலை மீட்டெடுத்த கரும்புகளில் ஜாவாவின் வகைகளோடு கோ 281, கோ 290 என்பனவும் இடம்பெற்றன. கோயமுத்தூரிற் கோ 421, கோ 312 என்னும் இரண்டையும் கலந்து பெற்ற விதை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்று அங்கே முளைத்தது. அதனின்று தேர்ந்த என்.கோ 310 என்னும் கரும்பு பல நாடுகளிற் பயிராயிற்று.

கரும்பை அதன் சுற்றத்துக்கு அப்பாலும் கலக்க வேங்கடராமன் துணிந்தார். விரைவில் முதிரும் சோளத்தோடு அதனைக் கலந்தார். மூங்கிலோடும் கலக்க முயன்றார். அம்முயற்சிகளின் உண்மையை உயிரணுக்களுட் சென்று ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஜானகி அம்மாள். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிற் பணியாற்றியவரும், மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றவருமாகிய அவர், 1934 முதல் 1939 வரை கோயமுத்தூர் நிலையத்திற் கரும்பின் குரோமோசோம்களை எண்ணியும் ஒப்பிட்டும் அரும்பணி புரிந்தார். அக்கலப்புக்கள் உழவர்க்குப் பெரும்பயன் அளித்தில. ஆயினும் கரும்பின் உள்ளமைப்பைப் பற்றிய அறிவை வளர்த்தன.

இதுகாறும் கூறியன வெற்றியின் வரலாறு. இனிக் கூறுவது அவ்வெற்றிக்கு நேர்ந்த சோதனை. 1938 முதல் 1940 வரையில் ஐக்கிய மாகாணத்தின் கிழக்கிலும் பீகாரிலும் கோ 213 பயிராகிய வயல்கள் செவ்வழுகலாற் பாழாயின. எந்நோயின் பொருட்டுப் பார்பர் கோதாவரிக்குச் சென்றாரோ, அந்நோயே கோயமுத்தூரின் பெயர்பெற்ற கரும்பை வீழ்த்திற்று. ஆலைகளை நம்பிக் கடன்பட்டுக் கரும்பு நட்ட உழவரின் நிலையை எண்ணிப் பார்ப்பின், அவ்வீழ்ச்சியின் பொருள் நமக்குத் தெளிவாகும்.

அது ஏன் நேர்ந்தது? எம்மூர்ச் சூளையிற் புகும் முன்னர், செம்மையான மண்ணாற் செய்த கலமும் குறையுள்ள மண்ணாற் செய்த கலமும் ஒன்றுபோலவே தோன்றும். நெருப்புக்குள் சென்று மீண்டபின்னரே வேற்றுமை வெளிப்படும். கரும்புக்கு நோயே சூளை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சூளையின் நெருப்பு இன்றும் நாளையும் ஒரு தன்மையதே, நோயோ உயிருள்ளது, ஆதலின் மாறுவது. இன்று ஒரு கரும்பினுட் புகமாட்டாத பூசணத்தின் வழியில், நாளை அதனுட் புகவல்ல புதுவகை தோன்றலாம். அவ்வேளையில் மாவட்டம் முழுதும் ஒரே கரும்பு நிற்குமாயின், ஒரு கதவின் திறவுகோல் எல்லாக் கதவுக்கும் திறவுகோலாகிவிடும். விளைவு மிக்க வகையையே யாவரும் நடுவர். யாவரும் நடுதலாலேயே அது வீழும்.

அங்ஙனமாயின், வேங்கடராமன் வென்றது யாது எனச் சிலர் வினவக்கூடும். அவருடைய கரும்புகளுள் எதுவும் என்றும் அழியாப் படையாக நிலைத்ததில்லை என்பது மெய்யே. ஆயினும் ஒரு வகை வீழ்ந்த இடத்தில், அதே நிலையத்தினின்று பிறிதொரு வகை எழுந்தது. அவர் நாட்டுக்கு விட்டுச்சென்ற உண்மைச் செல்வம் கோ 205-ம் அன்று. கோ 419-ம் அன்று. நாணலிடத்து வலிமையைத் தேடுதல், கலத்தல், கழித்தல், சோதித்தல், மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல் என்னும் ஓயா நெறியே அச்செல்வம். கிணறு ஒருநாள் வற்றினும், ஊற்றைக் காணும் வழி அறிந்தவனுக்குத் தாகமில்லை. இதனை மறந்து அவரை நோயை அடியோடு ஒழித்தவராகப் புகழ்தல் அவருக்கே இழுக்காகும் என்பது எம் துணிபு.

அரசாங்கமும் அறிஞருலகமும் அவரை மதித்தன. இராவ் பகதூர் முதலிய பட்டங்களும் பின்னர்ச் சர் பட்டமும் அவரை அடைந்தன. 1937-இல் ஐதராபாத்திற் கூடிய இந்திய விஞ்ஞானப் பேரவைக்கு அவர் தலைமை தாங்கினார். அங்கே தம் கரும்புகளின் பெருமையைப் பேசாது, இந்தியக் கிராமத்தின் நேற்றும் இன்றும் நாளையும் எவ்வாறு என்பதையே தலைமையுரைக்குப் பொருளாகக் கொண்டார். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தோரின் கண் யாண்டு நோக்கிற்று என்பதற்கு இஃதொன்றே சான்று. விடுதலை பெற்ற இந்தியா 1956-இற் பத்மபூஷண் விருதளித்து அவரைப் போற்றியது. 1963-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்தபின் அவரது பணி நின்றதா? இல்லை. அவர் பொருத போரும் நிற்கவில்லை. கடலூர் நிலையத்திற் தேர்ந்தெடுக்கப்பட்ட கோ.க 671 சர்க்கரைச் சத்து மிக்கதாய்த் தமிழ்நாட்டிற் பெரும்புகழ் பெற்றது. பின்னர்ச் செவ்வழுகலுக்கு இரையாயிற்று. 2009-இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற் பரவி, உழவர்க்கும் ஆலைக்கும் வளம் அளித்தது. அதனையும் வெல்லவல்ல பூசணத்தின் புதுவகை தோன்றி, அண்மை ஆண்டுகளில் அதனைப் பெரிதும் அழித்தது. கோ 213 கற்பித்த பாடத்தை நாடு மீண்டும் கற்க நேர்ந்தது.

இன்றைய அறிஞர் பூசணத்தின் வகைகளை எண்ணிட்டு வைத்து, புதுக்கரும்பு ஒவ்வொன்றையும் அவற்றோடு பொருதச் செய்து பார்க்கின்றனர். கரும்பின் மரபுச்சுவடியையும் படிக்கத் தொடங்கிவிட்டனர். நாணலின் மரபுத்தொகுதி 2018-இல் வெளியிடப்பட்டது. ஆர் 570 என்னும் பயிர்க்கரும்பின் மரபுத்தொகுதி 2024-இல் வெளியாயிற்று. அது மனிதனுடையதினும் மும்மடங்கு பெரியது. இன்றைய கரும்புகளின் மரபில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பருங்கரும்பினுடையது. பத்தில் ஒரு பங்குக்குச் சிறிது மேற்பட்டது நாணலினுடையது. அச்சிறு பங்கே கரும்புக்கு உரனும் தாங்கும் ஆற்றலும் தருவதிற் பெரும்பங்கு கொள்கின்றது. நுண்ணோக்கியும் வயலுமே துணையாகக் கோயமுத்தூரில் உழைத்தவர்கள் கண்ட உண்மையை, எழுத்தெழுத்தாகப் படிக்கும் காலம் வந்துளது.

உடன்பயிலும் தோழர்களே! இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கன இரண்டு உள. உழவரிடத்து ஒரே வகையை மாவட்டம் முழுதும் பரப்பாது, பலவகை நடுவதையும் நோயற்ற கரணை தேர்வதையும் வற்புறுத்துதல் கற்றோர் கடன், இஃது ஒன்று. பயனற்றதெனக் கருதப்படும் புல்லையும் அழியவிடாது காத்தல் மற்றொன்று. உலகின் கரும்பு வகைகளைக் கண்ணூரிலும் கோயமுத்தூரிலும் அறிஞர் திரட்டிப் போற்றி வருகின்றனர். ஆயினும் ஆற்றங்கரையிலே தானே முளைத்து, வெள்ளத்தோடும் வெயிலோடும் நோயோடும் பொருது நிற்கும் நாணலுக்கு ஈடான பண்ணை வேறில்லை. அடுத்துவரும் நோய்க்கு ஆற்றவல்ல குணம் எப்புல்லில் ஒளிந்துளது என்பதை யாரே அறிவர்? மணிமுத்தாற்றங்கரையில் நாணல் வெண்கதிர் விட்டு அசையக் காணும்போது, அதனைக் களையென்று கடந்து செல்லாது, வேங்கடராமன் நோக்கிய கண்ணால் நாமும் ஒருமுறை நோக்குவோமாக.